காப்புறுதி அட்டையைக் காட்டியதும் பில் ஏன் ஏறுகிறது?

வெள்ளவத்தையிலிருந்து ஒரு வாசகி எழுதிய கடிதம். சுருக்கித் தருகிறேன்.

“டொக்டர் ஐயா, என் கணவருக்கு 54 வயது. எட்டு வருடமாக நீரிழிவுக்கு மாத்திரை எடுக்கிறார். இரண்டு மாதமாகச் சாப்பிட்ட பிறகு வலது விலாவுக்குக் கீழே வலி. ஸ்கேனில் பித்தப்பையில் கல் இருப்பது தெரிந்தது. சனல் பண்ணிப் பார்த்த சத்திரசிகிச்சை நிபுணர், பித்தப்பையை கீ ஹோல் முறையில், சின்னத் துளைகள் வழியாக எடுத்துவிடலாம், அவசரம் இல்லை, ஆனால் இழுத்தடிக்க வேண்டாம் என்றார். கணவரின் கம்பனிக் காப்புறுதியில் குடும்பத்துக்கு வருடம் 6 இலட்சம் ரூபாய் உண்டு. தனியார் ஆஸ்பத்திரிக் கவுண்டரில் முதலில் 4 இலட்சத்துக்குள் முடியும் என்றார்கள். காப்புறுதி அட்டையைக் காட்டியதும் அதே பிள்ளை 5 இலட்சத்து 25 ஆயிரம் என்றாள். என் தங்கை, அதே டொக்டர்தான் கவர்மென்ட் ஆஸ்பத்திரியிலும் வெட்டுகிறார், ஏன் காசைக் கொட்டுகிறாய் என்கிறாள். கணவரின் அண்ணா, காப்புறுதி இருக்கும்போது எதற்கு வரிசையில் நிற்க வேண்டும் என்கிறார். வலி போன கிழமைதான் தொடங்கியது என்று டொக்டரிடம் எழுதி வாங்கச் சொல்வதும் அவர்தான். மாமியோ ஆடி கழியட்டும் என்கிறா. நான் யாருடைய பேச்சைக் கேட்பது?”

சகோதரி, மாமியின் பேச்சைக் கடைசிக்கு வைத்துக்கொள்வோம். அதற்குப் பதில் நீளம் இல்லை, ஆனால் இந்தக் கடிதத்தில் அதுதான் முக்கியம்.

என்னைப் பற்றி இரண்டு வரி. இருபது வருடத்துக்கு மேல் அரசாங்க ஆஸ்பத்திரித் தியேட்டர்களில் மயக்க மருந்து கொடுத்தவன். ஓய்வுக்குப் பிறகு சில வருடம் ஒரு காப்புறுதிக் கம்பனியில் கிளெய்ம் கோப்புகளைப் பார்த்தேன். அதனால் பில்லை எழுதும் பக்கமும் தெரியும், அதை வெட்டும் பக்கமும் தெரியும்.

முதலில் அந்த 1 இலட்சத்து 25 ஆயிரம். கவுண்டரில் இருந்த பிள்ளை உங்களை ஏமாற்றினாள் என்று உடனே முடிவுகட்ட வேண்டாம். நீங்கள் கையிலிருந்து கட்டுகிறீர்கள் என்று நினைத்தபோது, எல்லாம் நல்லபடி முடிந்தால் என்ன வருமோ அதைச் சொன்னாள். அட்டையைக் கண்டதும் இரண்டு விஷயம் மாறியிருக்கும். ஒன்று அறை. உங்கள் அட்டை எந்த வகை அறைவரை தாங்கும் என்று பார்த்து அதைப் போட்டிருப்பாள். சில ஆஸ்பத்திரிகளில் அறை உயர்ந்தால் வாடகையோடு நிற்காது, டொக்டர் வந்து பார்க்கும் கட்டணம், தாதியர் கட்டணம் எல்லாம் கூடவே ஏறும். இரண்டாவது, இவ்வளவு வரை நாங்கள் கட்டுவோம் என்று காப்புறுதிக் கம்பனியிடம் கேட்டு வாங்கும் உத்தரவாதக் கடிதம். அதில் தொகை குறைந்தால் டிஸ்சார்ஜ் நாளில் மறுபடி போன் போட வேண்டும். அந்தத் தலையிடி வேண்டாம் என்று கூட்டியே கேட்பார்கள்.

மூன்றாவது காரணம் இல்லை என்று நான் சொல்லமாட்டேன். கிளெய்ம் மேசையில் இருந்தபோது ஒரே ஆஸ்பத்திரியின் இரண்டு பில் பக்கம் பக்கமாக என் முன்னால் கிடந்தன. இரண்டும் பித்தப்பை, இரண்டும் ஒரே நிபுணர், ஒரே மாதம். சொந்தக் காசு கட்டியவர் மறுநாள் காலை வீட்டுக்குப் போயிருந்தார். காப்புறுதிக்காரர் இன்னொரு இரவு தங்கியிருந்தார். அந்த இரவுக்கு ஊசி அன்டிபயோட்டிக், மறுபடி இரத்தப் பரிசோதனை, நெஞ்சு எக்ஸ்ரே. குறிப்பில் காய்ச்சல் இல்லை, வாந்தி இல்லை. “நோயாளி நன்றாக இருக்கிறார்” என்றுதான் காலை ரவுண்டில் எழுதியிருந்தது. ஒருவரும் களவு செய்யவில்லை. ஏன் என்று கேட்க அங்கே ஆள் இல்லை, அவ்வளவுதான்.

ஆள் இருக்க வேண்டும், அது நீங்கள்தான். ஏனென்றால் அந்த 6 இலட்சம் கம்பனியின் காசு இல்லை, உங்கள் குடும்பத்தின் இந்த வருடக் காசு. ஐந்தே காலை இதில் விட்டால் மிஞ்சுவது 75 ஆயிரம். கொழும்பில் மழை தொடங்கிப் பிள்ளைகளில் ஒன்று டெங்குவோடு நாலு நாள் படுத்தால் அது எந்த மூலைக்குக் காணும்?

ஆகவே நாளைக்கே போய் எஸ்டிமேட்டை எழுத்தில் கேளுங்கள். வாயால் சொல்லும் தொகைக்கு மரியாதை இல்லை. எந்த அறை, எத்தனை இரவு, சத்திரசிகிச்சை நிபுணருக்கு எவ்வளவு, மயக்க மருந்து நிபுணருக்கு எவ்வளவு, தியேட்டருக்கு எவ்வளவு என்று பிரித்து எழுதட்டும். எடுத்த பித்தப்பையை ஆய்வுகூடத்துக்கு அனுப்பும் செலவு அதற்குள் உண்டா என்று கேளுங்கள். பலர் அதை மறந்து, பிறகு தனியே கட்டுகிறார்கள். கட்டாயம் கேட்க வேண்டிய இன்னொன்று: கீ ஹோலில் தொடங்கி, உள்ளே ஒட்டுப்பிடித்திருப்பதால் வயிற்றைத் திறக்க வேண்டி வந்தால் தொகை என்ன ஆகும்? நூறு பேரில் ஒரு சிலருக்கு அப்படி நடக்கும். அது டொக்டரின் பிழை இல்லை, சில வேளை அதுதான் நல்ல டொக்டரின் அடையாளம். பெக்கேஜ் என்று ஒரே தொகையாகச் சொல்வது அந்த இடத்தில் முறிந்துவிடுமா என்பதை இப்போதே தெரிந்துகொள்வது நல்லது.

விலை ஏன் இவ்வளவு என்று கேட்டால் ஒரு பங்கு நியாயமும் உண்டு. பித்தப்பைக் குழாயைக் கவ்வும் சின்னக் கிளிப், தையல் நூல், மயக்க வாயு என்று அந்தத் தியேட்டர் மேசையில் இருக்கிற பெரும்பாலான சாமான் கப்பலிலோ விமானத்திலோ வருபவை. 2022 மார்ச்சுக்கு முன் 200 ரூபாய் அளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டது. சாமானின் விலை அதோடு ஏறியது, அதற்குப் பிறகு பழைய இடத்துக்குத் திரும்பவேயில்லை.

இனி உங்கள் தங்கைக்கும் கணவரின் அண்ணாவுக்கும் நடுவில் உள்ள வழக்கு. இருவரும் பேசுவது கட்டிலைப் பற்றி. நான் கேட்பது, இரவு இரண்டு மணிக்கு உங்கள் கணவரின் நாடியை யார் பிடித்துப் பார்ப்பார் என்று.

பித்தப்பையை எடுப்பது முக்கால் மணி நேரம், ஒரு மணி நேர வேலை. அதில் பழகிய கை எந்தக் கட்டடத்தில் வெட்டினாலும் அதே கைதான். நம் நாட்டில் அரசாங்க நிபுணர்கள் கடமை நேரத்துக்குப் பிறகு தனியாரில் வேலை செய்யலாம் என்பதால், தங்கை சொல்வது பெரும்பாலும் சரி, ஆள் ஒருவரே. வித்தியாசம் அவர் காரில் ஏறி வீட்டுக்குப் போன பிறகு தொடங்குகிறது.

ஒரு இரவு சொல்கிறேன். அரசாங்க வார்ட், இதே ஒப்பரேஷன், மத்தியானம் முடிந்த நோயாளி. படுக்கையின் காலடியில் தொங்கும் சார்ட்டில் நாடித் துடிப்பு ஆறு மணிக்கு 84, எட்டுக்கு 96, பத்துக்கு 110. இரத்த அழுத்தம் இறங்கவில்லை, ஆள் கதைத்துக்கொண்டு இருக்கிறார். கடமையில் இருந்த தாதி மிசிக்கு அந்த மூன்று எண்ணும் பிடிக்கவில்லை. அறுபது நோயாளி கிடந்த வார்டில், கீழே பாய் போட்டும் ஆட்கள் படுத்திருந்த இரவில், அவர் கூப்பிட்டார். பயிற்சியில் இருந்த சத்திரசிகிச்சை டொக்டர் அதே கட்டடத்தில் இருந்தார், நானும் இருந்தேன், அவசரத் தியேட்டர் திறந்தே இருந்தது. உள்ளே இரத்தம் கசிந்துகொண்டிருந்தது. ஒரு மணி நேரத்துக்குள் கட்டி நிறுத்திவிட்டோம்.

பெரிய அரசாங்கப் போதனா ஆஸ்பத்திரியின் பலம் அதுதான்: ராத்திரியிலும் ஆட்கள் உள்ளே இருக்கிறார்கள். தனியாரில் தனி அறை, ஏசி, கேட்டதும் வரும் தாதி எல்லாம் உண்டு, அவை சும்மா ஆடம்பரம் என்று நான் சொல்லவில்லை, நோயாளிக்கு நித்திரையும் மருந்துதான். ஆனால் பல இடங்களில் இரவில் மாடியில் இருப்பது ஒரு பொது மருத்துவ அதிகாரி. நிபுணர் போனில் இருப்பார். அவர் வந்துசேர எவ்வளவு நேரம், அதுவரை யார், தீவிர சிகிச்சைப் பிரிவு அதே கட்டடத்தில் இருக்கிறதா, அங்கே இரவில் மயக்க மருந்து டொக்டர் உண்டா என்று கேளுங்கள். கேட்டால் முகம் சுளிக்கும் இடத்தில் வெட்ட வேண்டாம். மாபிள் பதித்த வரவேற்பறையைப் பார்த்துத் தரம் எடைபோடுவது, கலியாண மண்டபத்தைப் பார்த்து மாப்பிள்ளையை எடைபோடுவது போல.

இன்னொரு அடையாளம் உண்டு, அதை உங்கள் கணவரே படுத்தபடி பார்க்கலாம். 2008இல் உலக சுகாதார நிறுவனம் சத்திரசிகிச்சைக்கு 19 விடயம் கொண்ட ஒரு சரிபார்ப்புப் பட்டியல் வெளியிட்டது. மயக்க முன், வெட்ட முன், தியேட்டரை விட்டு வெளியேற முன் என்று மூன்று இடத்தில் நின்று சத்தமாகச் சரிபார்க்க வேண்டும். எட்டு நகரங்களில் எட்டு ஆஸ்பத்திரிகளில் பரீட்சித்தபோது இறப்பு 1.5 வீதத்திலிருந்து 0.8 வீதத்துக்கு இறங்கியதாக 2009இல் வெளிவந்தது. ஒரு தாளும் ஒரு பேனாவும் செய்த வேலை. ஆகவே மயங்குவதற்கு முன் பெயர் என்ன, எந்த ஒப்பரேஷன், எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்று மூன்றாம் தடவை கேட்டாலும் அவர் எரிச்சல்பட வேண்டாம். கேட்காவிட்டால்தான் யோசிக்க வேண்டும்.

இங்கே நம் ஆட்களின் ஒரு பழக்கத்தையும் சொல்லவேண்டும். சிங்களத்தில் கேள்வி வந்தால் விளங்காவிட்டாலும் “ஓவ், ஓவ்” என்று தலையாட்டுவது. “பெனிசிலின் ஒத்துக்கொள்ளாதா?” “ஓவ்.” “முன்பு எடுத்து ஒன்றும் ஆகவில்லையா?” அதற்கும் “ஓவ்.” மயக்க மருந்து ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு ஓவ்வில் எதை நம்புவது என்று நின்றிருக்கிறேன். உங்கள் கணவருக்குச் சிங்களம் நன்றாக ஓடும் என்றால் பிரச்சினை இல்லை. இல்லாவிட்டால் தமிழில் கேட்கச் சொல்லுங்கள். கொழும்பில் தமிழ் தெரிந்த ஒருவர் பெரும்பாலும் தியேட்டரில் இருப்பார். சம்மதப் பத்திரமும் அப்படித்தான், வாசித்துச் சொல்லாமல் கையெழுத்து வேண்டாம்.

நீரிழிவை மறைக்க வேண்டாம். மயக்க மருந்து நிபுணர் ஒப்பரேஷனுக்கு முந்திய நாளே வந்து பார்க்க வேண்டும், காலையில் முதல் ஆளாக எடுக்கச் சொல்லிக் கேளுங்கள், பட்டினி கிடக்கும் நேரம் குறையும். குடிக்கும் மாத்திரை எல்லாவற்றையும் பெட்டியோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். எம்பாகிளிஃப்ளோசின் போன்ற புது வகை மாத்திரை இருந்தால் மூன்று நாளுக்கு முன்பே நிறுத்தச் சொல்வார்கள், அது கடைசி நேரத்தில் தெரிந்தால் ஒப்பரேஷன் பிந்தும்.

இது என்னை அண்ணாவின் யோசனைக்குக் கொண்டுவருகிறது. வலி போன கிழமைதான் தொடங்கியது என்று எழுதி வாங்குவது. அவர் நல்லெண்ணத்தில் சொல்கிறார், ஆனால் காப்புறுதிக் கோப்பு எப்படி வாசிக்கப்படுகிறது என்று அவருக்குத் தெரியாது. நிபுணர் எழுதும் கடிதத்தை மட்டும் வைத்து யாரும் காசு கொடுப்பதில்லை. ஸ்கேன் ரிப்போர்ட்டில் ஒரு திகதி இருக்கும். அனுமதிக்கும் இரவில் இளம் டொக்டர் உங்கள் கணவரிடமே கேட்டு, அவர் வாயால் சொன்னதை எழுதியிருப்பார். மூன்றும் ஒத்துவராவிட்டால் நேர்மையான கிளெய்மும் சேர்ந்து விழும். கம்பனிக் குழுக் காப்புறுதியில் பழைய நோய்க்கும் பல வேளை இடம் உண்டு. நிபந்தனைப் பிரதியைக் கணவரின் அலுவலக மனிதவளப் பிரிவில் கேட்டு வாசியுங்கள். தேவையே இல்லாத பொய்யைச் சொல்லிப் பிடிபட்ட கோப்புகளையும் கண்டிருக்கிறேன்.

எழுத்து என்றால் ஒரு சிரிப்புக் கதையும் ஞாபகம் வருகிறது. டொக்டர்மார் மூன்று நாளை 3/7 என்றும், மூன்று கிழமையை 3/52 என்றும், மூன்று மாதத்தை 3/12 என்றும் எழுதுவோம். ஒரு பெண்ணுக்கு இதே பித்தப்பை வலி, அனுமதிக் குறிப்பில் “வலி 3/12”. அவருடைய காப்புறுதி தொடங்கியது ஜனவரியில், ஒப்பரேஷன் ஓகஸ்டில். கோப்பைப் பார்த்த பொடியன் அதை டிசம்பர் 3 என்று வாசித்து, காப்புறுதிக்கு முந்திய நோய் என்று சிவப்புப் பேனாவால் மறுத்துவிட்டான். அந்த அம்மா மூன்று மாதம் அலைந்த பிறகுதான் கோப்பு என் மேசைக்கு வந்தது. பார்த்துத் தீர்க்க ஒரு நிமிடம் போகவில்லை. ஆகவே டிஸ்சார்ஜ் ஆகும்போது கையில் தரும், நோய் விவரம் எழுதிய டயக்னோசிஸ் அட்டையை அங்கேயே வாசியுங்கள். பெயர், திகதி, எத்தனை காலமாக வலி என்பது எழுத்தில் தெளிவாக இருக்கட்டும்.

மறுத்தால் முதலில் கம்பனியின் முறைப்பாட்டுப் பிரிவு, அங்கே சரிவராவிட்டால் முறைப்பாடுகளை விசாரிக்கும் காப்புறுதி ஒம்புட்ஸ்மன். ஆஸ்பத்திரியின் மேல் குறை என்றால் தனியார் சுகாதார சேவைகள் ஒழுங்குபடுத்தல் சபை. 2006இன் 21ஆம் இலக்கச் சட்டத்தில் வந்த சபை அது. எங்கே போனாலும் எழுத்தில் வாங்கிய அந்த எஸ்டிமேட்தான் உங்கள் ஆயுதம்.

இப்போது தீர்ப்பு. என் சொந்தத் தம்பி கேட்டிருந்தால் இப்படிச் சொல்லியிருப்பேன். அந்த நிபுணரை மாற்ற வேண்டாம். “அவசரம் இல்லை, இழுத்தடிக்க வேண்டாம்” என்று அளந்து பேசுபவர் நல்லவர். மாதத்தில் எத்தனை பித்தப்பை எடுப்பார் என்று அவரிடமே கேளுங்கள், பழகியவர் கோபிக்கமாட்டார். தீவிர சிகிச்சைப் பிரிவு உள்ள ஆஸ்பத்திரியில், ஒரு படி குறைந்த அறையில், 4 இலட்சத்தை எழுதித் தருவார்களானால் அங்கேயே செய்யுங்கள். எழுதித் தர மறுத்தால், “சேர், உங்கள் அரசாங்க கிளினிக்குக்கு வரலாமா?” என்று கேட்டுவிடுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, எங்கள் நாட்டில் தினமும் நடப்பதுதான். 1951 முதல் அரசாங்க வைத்தியம் இலவசம், உங்கள் வரியும் அதில் இருக்கிறது. காத்திருக்க வேண்டும், அதுதான் விலை. வெளியே ஏதாவது மருந்தோ ஸ்கேனோ எடுக்கச் சொன்னால் பற்றுச்சீட்டை வையுங்கள். அரசாங்க வார்டில் தங்கும் ஒவ்வொரு இரவுக்கும் ஒரு தொகை தரும் காப்புறுதிகளும் உண்டு, உங்களுடையதில் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டுக்கும் நடுவில் ஒரு வழியும் இருக்கிறது: தேசிய வைத்தியசாலையின் கட்டண வார்ட், அல்லது ஜப்பான் கட்டித்தந்து 1984இல் திறந்த ஸ்ரீ ஜயவர்தனபுர வைத்தியசாலை. கட்டணம் உண்டு, இரவில் ஆட்களும் உண்டு.

தனியாரில் செய்தால் ஒரு சின்ன யுக்தி. காலை பத்து மணிக்கு “போகலாம்” என்பார் டொக்டர். பில் எழுதி, காப்புறுதிக்கு அனுப்பி, பதில் வர மாலை ஐந்து ஆகும். அதற்குள் மத்தியானம் தாண்டி அறைக்கு இன்னொரு நாள் ஏறலாம். வீட்டுக்குப் போவதற்கு முந்திய நாள் மாலையே இடைக்காலப் பில்லைக் கம்பனிக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். அந்தப் பில்லில் உதவியாள் சாப்பாடு, பதிவுக் கட்டணம், போன் என்று காப்புறுதி கட்டாத வரிகளையும் அப்போதே பார்த்துவிடலாம்.

கடைசியாக மாமி. வலி தணிந்திருக்கிறது, காய்ச்சல் இல்லை, கண் வெள்ளையாக இருக்கிறது என்றால் ஆடி கழியும்வரை காத்திருப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. அந்த நாட்களில் சீனி அளவைக் கட்டுக்குள் கொண்டுவரலாம், பொரியலைக் குறைக்கலாம். ஆனால் கண் மஞ்சளானால், குளிரோடு காய்ச்சல் வந்தால், வலி சில மணி நேரம் தாண்டியும் விடாமல் முதுகுக்குப் பாய்ந்தால், ஆடியும் இல்லை, எஸ்டிமேட்டும் இல்லை, உத்தரவாதக் கடிதமும் இல்லை. ஆடி வேல் விழா ஊர்வலம் போகிற இரவாக இருந்து காலி வீதி அடைத்துக்கிடந்தாலும் 1990ஐ அழையுங்கள், அம்புலன்ஸுக்குக் காசு இல்லை. கிட்ட இருக்கிற அரசாங்க அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள். மாத்திரைப் பெட்டியையும் ஸ்கேன் ரிப்போர்ட்டையும் இன்றைக்கே ஒரு பையில் போட்டு வாசல் பக்கம் வைத்துவிடுங்கள்.